உச்ச வயது வரம்பு இல்லை

அப்பாவுக்கு வாழ்க்கையில் முதல் ஹால் டிக்கெட் வந்தபோது அவருக்கு வயது 53. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் நான்தான் பிரிண்ட் எடுத்தேன். “பிளாக் அண்ட் ஒயிட்டே போதும் சார், கலர் வேஸ்ட்டு” என்றார் கடைக்காரர். கலரிலேயே கொடுங்கள் என்றேன். போட்டோவில் அப்பா தலைக்கு டை அடித்திருந்தார். மீசையை மறந்துவிட்டார்.

தேர்வின் பெயர் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. தமிழ்நாட்டு வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துவது. நாளிதழில் கல்யாண மண்டப விளம்பரத்துக்கும் ரேஷன் கடைச் செய்திக்கும் நடுவில் நான்கு வரியில் இதற்கான அறிவிப்பு வரும். ஒயரிங் தொழிலில் ஐந்து வருடத்துக்குக் குறையாத அனுபவம் வேண்டும், 21 வயது முடிந்திருக்க வேண்டும், உச்ச வயது வரம்பு இல்லை. அந்தக் கடைசி நான்கு வார்த்தைகளை அப்பா பேனாவால் அடிக்கோடிட்டு வைத்திருந்தார். பேப்பர் துண்டு அவருடைய சட்டைப் பையில், டெஸ்டரோடு சேர்ந்து கிடந்தது. அம்மா துணி துவைக்கும்போது எடுத்து என்னிடம் காட்டியதால்தான் எனக்கே விஷயம் தெரியும்.

“உங்கப்பாவுக்கு இன்னா ஆச்சுன்னு கேளு. ஒரு வாரமா சரியா சாப்புடல.”

நடந்தது இதுதான். ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் புது ஷெட்டுக்கு ஒயரிங். கான்ட்ராக்டர் அப்பாவைக் கூப்பிட்டிருந்தார். அப்பா தன்னிடம் வேலை கற்றுக்கொண்ட பையனையும் கூட்டிக்கொண்டு போனார். கேட்டில் பாதுகாப்பு அதிகாரி, மின் வேலைக்கு உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் தகுதிச் சான்றிதழ் கேட்டார். பையனிடம் இருந்தது. ஐ.டி.ஐ. முடித்தவன், இருபத்து நான்கு வயது. அப்பாவிடம் ஆதார் கார்டு இருந்தது. பையன் உள்ளே போனான். அப்பா எதிரில் இருந்த டீக்கடையில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். நடுவில் பையன் மூன்று முறை போன் செய்து, “அண்ணே, இந்த பேனல்ல நியூட்ரல் லிங்க் எப்புடிண்ணே” என்று கேட்டிருக்கிறான். அப்பா டீக்கடையில் உட்கார்ந்தபடியே வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறார்.

இதைச் சொல்லிவிட்டு அப்பா சிரித்தார். “கேட்டான் பாரு, கரெக்டாதான் கேட்டான். அந்த ஆபீசர் மேல தப்பில்ல.”

*

அப்பாவின் தொழில் வரலாற்றை எழுதினால் இந்தப் பகுதியின் வரலாற்றையே எழுதிய மாதிரி ஆகும். பதினாறு வயதில் ஒரு மேஸ்திரியிடம் எடுபிடியாகச் சேர்ந்தார். அப்போது ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் அவதரித்த ஊர், ஆதிகேசவப் பெருமாள் கோயில், ஏரி, அதைச் சுற்றி வயல். 1991 மே மாதத்துக்குப் பிறகு ராஜீவ் காந்தி கொலை நடந்த ஊர் என்று உலகத்துக்கே பெயர் தெரிந்தது. 1996இல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 1998இல் முதல் கார் வெளியே வந்தபோது அப்பா கையில் ஐந்து வீட்டு வேலை இருந்ததாம். 2006இல் நோக்கியா. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான்.

ஒவ்வொரு தொழிற்சாலை வரும்போதும் ஊர்க்காரர்களுக்கு ஒரு விஷயம்தான் புரிந்தது: இவ்வளவு பேர் தங்க இடம் வேண்டும். நிலத்தை விற்றவர்கள் மிச்சமிருந்த மனையில் லைன் வீடு கட்டினார்கள். எட்டு அறை அல்லது பத்து அறை, ஒரே வரிசை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, கடைசியில் பொது பாத்ரூம். கட்டுவதற்கு மூன்று மாதம். அதில் ஒயரிங்குக்கு நான்கு நாள். அந்த நான்கு நாள் அப்பாவுடையது. நான் பி.இ. படித்த 2007 முதல் 2011 வரையிலான என் கல்லூரிக் கட்டணம் முழுக்க லைன் வீட்டிலிருந்து வந்தது.

2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது லைன் வீடுகள் காலியாயின. கொஞ்ச காலம் அப்பாவுக்கும் வேலை இல்லை. பிறகு வேறு செல்போன் கம்பெனிகள் வந்தன, ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் பையன்கள் வந்தார்கள், அறைகள் மறுபடி நிரம்பின. சுங்குவார்சத்திரத்திலும் மாத்தூரிலும் ராத்திரி பத்து மணிக்குக் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தில் பாதிப் பேர் அப்பா போட்ட ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்தவர்களாக இருப்பார்கள் என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு.

இத்தனை வருடமும் அவரிடம் லைசென்ஸ் இல்லை. யாரும் கேட்கவில்லை. சட்டம் இல்லாமல் இல்லை. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆவது விதி தெளிவாகச் சொன்னது: பல்பு, ஃபேன், ஃபியூஸ், ஸ்விட்ச் மாற்றுவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதைத் தாண்டிய மின் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும், தகுதிச் சான்றிதழ் உள்ளவர் மேற்பார்வையில்தான் அது நடக்க வேண்டும். அந்த விதிகளுக்குப் பதிலாக 2010இல் புது விதிமுறைகள் வந்தபோதும் இந்த ஏற்பாடு மாறவில்லை. நடைமுறையில், லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் இ.பி.க்குத் தர வேண்டிய தாளில் கையெழுத்துப் போடுவார். வேலையை அப்பா செய்வார். கையெழுத்துப் போட்டவர் அந்த வீட்டுப் பக்கமே வந்திருக்க மாட்டார்.

*

விண்ணப்பத்துக்கு அனுபவச் சான்று வேண்டியிருந்தது. முப்பத்தைந்து வருட அனுபவத்தைத் தாளில் எழுதித் தர ஆள் இல்லை. வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி செத்துப்போய்விட்டார். கடைசியில், அப்பாவிடம் ஒரு காலத்தில் ஏணி பிடித்தவர், இப்போது லைசென்ஸ் உள்ள ஒப்பந்தக்காரர், அவரிடம் போனோம். அவர் தன் லெட்டர்பேடில் “இவர் என்னிடம் ஆறு வருடமாகப் பணிபுரிகிறார், நன்னடத்தை உள்ளவர்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு எழுந்து நின்று, “தப்பா எடுத்துக்காதண்ணே” என்றார். “எழுதுடா, எழுதுடா. நன்னடத்தைக்கு கீழ ஒரு கோடு போடு” என்றார் அப்பா.

ஒரு மாதம் வீடு பயிற்சிக் கூடமாக இருந்தது. அப்பாவுக்கு வேலை தெரியும், வேலையின் பெயர் தெரியாது. மாடிப்படி லைட்டை மேலேயும் கீழேயும் இருந்து அணைக்கிற இணைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பார். அதைத் தாளில் வரையச் சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். பழைய ஐ.டி.ஐ. புத்தகத்தில் பிரிட்டானியா ஜாயிண்ட் என்று ஒன்று இருந்தது. இரண்டு தடித்த செம்புக் கம்பியைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, மெல்லிய கம்பியால் நெருக்கமாகச் சுற்றி, ஈயம் வைப்பது. “எவன் வீட்டுலடா இப்ப இத போடறான்?” என்று கேட்டுக்கொண்டே தினமும் ராத்திரி ஒன்று சுற்றினார். அம்மா அவற்றைத் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்தார். பரீட்சை வருவதற்குள் டப்பா நிரம்பிவிட்டது.

தேர்வு ஒரு அரசு ஐ.டி.ஐ.யில். நான் பைக்கில் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே போகும்போது, “நீ கெளம்பு, ஆபீஸ் இருக்குல்ல” என்றார். வேப்ப மரத்தடியில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். எழுத வந்தவர்களில் மீசை முளைக்காதவர்களும் இருந்தார்கள், அப்பா வயதுக்காரர்களும் இருந்தார்கள். பெரியவர்கள் எல்லோருமே நன்றாக அயர்ன் செய்த சட்டை போட்டிருந்தார்கள்.

சாயங்காலம் அப்பா வெளியே வந்தபோது முகம் சரியில்லை.

“இன்னாபா, வேல வரலயா?”

“வேலல்லாம் சுத்தமா செஞ்சேன்.”

வண்டி மெயின் ரோட்டுக்கு வந்த பிறகு பின்னால் இருந்து பேசினார். செய்முறை முடிந்து போர்டு பக்கத்தில் நிற்கும்போது, தேர்வாளர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அவரைவிடச் சின்னவர், மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். “ஐயா, எர்த் குடுக்காம விட்டா என்ன ஆகும்?”

“பதில் தெரியும்டா. கிரைண்டரோ பிரிட்ஜோ, உள்ள இன்சுலேஷன் போச்சுன்னா பாடில கரண்ட் நிக்கும். எர்த் இருந்தா பூமிக்குப் போயிரும், ஃபியூஸ் அடிச்சிரும். எர்த் இல்லன்னா அது அங்கியே நிக்கும். ஒரு ஆள் வந்து தொடற வரைக்கும் நிக்கும். சொன்னேன். கரெக்டுன்னாரு.”

“அப்புறம் இன்னா?”

“சொல்லும்போதே வல்லக்கோட்டை ரோட்டு லைன் வீடு ஞாபகம் வந்திருச்சி.”

*

ரிசல்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. தபாலில் வரும் என்றார் ஒருவர். இணையதளத்தில் போடுவார்கள் என்றார் இன்னொருவர். எனக்கு ரிசல்ட்டுக்குக் காத்திருந்து பழக்கம் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத் தேர்வு முடிவு வரும் ராத்திரிகளில் பிரவுசிங் சென்டரில் பத்துப் பேர் ஒரே கம்ப்யூட்டரைச் சுற்றி நிற்போம். பக்கம் பாதி திறந்து நின்றுவிடும். மேத்ஸ் இரண்டில் எனக்கு இரண்டு முறை அரியர். அந்தக் காத்திருப்பில் என் பயமெல்லாம் ஒன்றுதான்: பாஸா, ஃபெயிலா. நான் படித்த பாடத்தால் வெளியே யாருக்காவது ஏதாவது ஆகும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

அப்பா ரிசல்ட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒரு பழைய நோட்டில் பட்டியல் எழுத ஆரம்பித்தார். 2005க்கும் 2012க்கும் நடுவில் அவர் வேலை செய்த லைன் வீடுகளில் எதெதற்கு எர்த் போடவில்லை என்ற பட்டியல். ஞாபகத்திலிருந்து எழுதினார். மொத்தம் 11.

எர்த் போடாததற்குக் காரணம் எளிமையானது. ஒவ்வொரு பிளக் பாயிண்டுக்கும் ஒரு கம்பி கூடுதல். வாசலில் குழி வெட்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு நிரப்ப வேண்டும். வீட்டுக்காரர்கள் அந்தச் செலவைத்தான் முதலில் வெட்டுவார்கள். “லைட்டு எரியுதுல்ல, அது போதும்பா.” பிளக் பாயிண்டில் மூன்று ஓட்டை இருக்கும். மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. குடி வருபவருக்கு அது தெரிய வழியே இல்லை. அப்பா மறுத்திருந்தால் வேலை வேறு ஆளுக்குப் போயிருக்கும். என் செமஸ்டர் ஃபீஸ் கட்டும் மாதங்கள் அவை. இதை அப்பா சொல்லவில்லை. நோட்டில் இருந்த வருடங்களைப் பார்த்து நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டை ரோட்டு வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

“நான்தாங்க இந்த வீட்டுக்கு ஒயரிங் போட்டேன். எர்த் போடாம உட்டுட்டேன். இப்ப போட்டுக் குடுக்கறேன். கூலி வேணாம்.”

வீட்டுக்காரர் அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “பதினஞ்சு வருசமா ஒண்ணும் ஆவல. இப்ப இன்னா திடீர்னு? யாராச்சும் இ.பி.ல எழுதிப் போட்டாங்களா?”

“இல்லீங்க. நானாதான் வந்தேன்.”

“உன்கிட்ட லைசென்ஸ் கீதா?”

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. “பரீட்சை எழுதிக்கிறேன். ரிசல்ட் வரணும்.”

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். ஆனால் உள்ளே போய்ப் பார்க்க அனுமதித்தார்.

மூன்றாவது அறையில் ஜார்க்கண்ட் பையன்கள் ஆறு பேர். இரண்டு பேர் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு செகண்ட் ஹேண்ட் பிரிட்ஜ் இருந்தது. அதன் கதவில் இந்தியில் ஏதோ எழுதிய தாள் ஒட்டியிருந்தது. அப்பா பிரிட்ஜின் பக்கவாட்டில், பெயிண்ட் உரிந்து தகரம் தெரிந்த இடத்தில், டெஸ்டரை வைத்தார். விளக்கு எரிந்தது.

ஒரு பையனுக்கு ஓரளவு தமிழ் தெரிந்தது. “ஷாக் அடிக்கும் அண்ணா. டெய்லி. கொஞ்சம் கொஞ்சம்.”

நான் போனை எடுத்து அந்தத் தாளின் மேல் காட்டினேன். மொழிபெயர்ப்பு வந்தது: செருப்புப் போட்டுக்கொண்டு தொடவும்.

அந்த அறைக்கு ஒரு சட்டமே இருந்திருக்கிறது. பிரிட்ஜைத் திறக்க ஒரு ஜோடி ரப்பர் செருப்பு தனியாக வைத்திருந்தார்கள். புதிதாகச் சேரும் பையனுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்களாம். இவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள் இவர்களுக்குச் சொன்னார்கள். அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. வீட்டில் ஏதோ கோளாறு என்று யாரும் புகார் சொல்லவில்லை. இந்த ஊரில் பிரிட்ஜ் இப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்பா அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். வண்டியில் ஏறும்போது, “நல்லவேள, எவனும் போவல” என்றார். வீடு வரும் வரை வேறு எதுவும் பேசவில்லை.

*

பதினொரு வீடுகளுக்கும் அலைந்த அந்த மூன்று மாதத்தில் நான் என்னைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருந்தது. இதை எழுத அதுவும் ஒரு காரணம்.

நான் தொழிற்சாலைகளுக்கான வருகைப்பதிவு மென்பொருளில் வேலை செய்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஓவர்டைம் கணக்கில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். வெளியே போன நேரத்திலிருந்து உள்ளே வந்த நேரத்தைக் கழிக்க வேண்டும். ராத்திரி பத்துக்கு வந்து காலை ஆறுக்குப் போகிறவருக்கு நடுவில் தேதி மாறும் என்பதை என் நிரல் கவனிக்கவில்லை. கழித்தால் மைனஸ் வந்தது. மைனஸ் வந்தால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளும்படி நானே எழுதியிருந்தேன். 19 நாள், வேறு மாநிலத்தில் ஒரு ஆலையின் நைட் ஷிப்ட் கான்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கு ஓவர்டைம் பூஜ்யமாகப் பதிவானது. சம்பளம் குறைந்த பிறகுதான் யாரோ கேட்டார்கள். அடுத்த மாதம் சரிசெய்து கொடுத்தார்கள். நான் எழுதிய அறிக்கையில் இப்படி இருந்தது: “கணக்கீட்டில் பிழை ஏற்பட்டது கண்டறியப்பட்டு, சரிசெய்யப்பட்டது.” அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. பிழை தானாக ஏற்பட்டது, தானாகக் கண்டறியப்பட்டது, தானாகச் சரியானது. மேலாளர் நன்றாக எழுதியிருப்பதாகப் பாராட்டினார். அந்த ஒரு மாதம் வாடகையை யார் எப்படிக் கட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை.

“நான்தாங்க போட்டேன், எர்த் போடாம உட்டுட்டேன்” என்று அப்பா ஒவ்வொரு திண்ணையிலும் சொல்லும்போது எனக்கு அந்த வாக்கியம் ஞாபகம் வந்தது.

என்னிடம் யாரும் லைசென்ஸ் கேட்டதில்லை. கேட்கவும் முடியாது, அப்படி ஒன்று இல்லை. இந்தியாவில் கணக்குத் தணிக்கையாளருக்கு 1949ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. வழக்கறிஞருக்கு 1961. கட்டடக் கலைஞருக்கு 1972. பொறியாளர்களுக்கு அப்படி நாடு முழுவதற்குமான சட்டம் இன்றுவரை இல்லை. பட்டம் வாங்கினால் போதும், பொறியாளர். மென்பொருளில் பட்டம்கூட வேண்டாம்.

அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே லைசென்ஸ் வந்த கதைகளில் ஒன்று டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் நடந்தது. செலவைக் குறைக்க, காசு கொடுத்து வாங்கிய எரிவாயுவை நிறுத்திவிட்டு, பக்கத்து எண்ணெய் வயலில் வீணாகப் போகும் வாயுக் குழாயிலிருந்து இணைப்பு எடுத்தார்கள். அதற்கு வாசனை கிடையாது. கசிந்து கட்டடத்துக்கு அடியில் சேர்ந்தது யாருக்கும் தெரியவில்லை. 1937 மார்ச் 18 அன்று ஒரு மின்கருவியின் பொறி பட்டு வெடித்தது. ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், இறந்தார்கள். அதே வருடம் டெக்சஸ் பொறியாளர்கள் பதிவுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. எரிவாயுவில் வாசனை சேர்ப்பதும் கட்டாயமானது. மிச்சம் பிடிக்கப் போன பணம், கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. படிக்கும்போது எனக்கு லைன் வீட்டு பிளக் பாயிண்டின் மேல் ஓட்டைதான் நினைவுக்கு வந்தது.

அங்கே மென்பொருள் பொறியாளர்களுக்கும் லைசென்ஸ் தேர்வு வைத்துப் பார்த்தார்கள். 2013இல் தொடங்கி 2019இல் நிறுத்திவிட்டார்கள். ஐந்து முறை நடந்த தேர்வை எழுதியவர்கள் மொத்தம் 81 பேர். நாடு முழுவதும் 81 பேர். எங்கள் அலுவலகத்தின் ஒரு மாடியில் இதைவிட அதிகம் பேர் உட்கார்ந்திருப்போம். கேட்டில் நிறுத்திக் கேட்கும் ஆள் இல்லாதபோது யார் போய் வரிசையில் நிற்பார்கள்? நானும் நின்றிருக்க மாட்டேன்.

லைசென்ஸ் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல வரவில்லை. அந்த லைன் வீடுகளுக்கெல்லாம் லைசென்ஸ் உள்ளவர்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆனால் 53 வயதில் ஒருவரை நிறுத்தி, “விட்டால் என்ன ஆகும்” என்று கேட்க ஒரு ஆளும் ஒரு நாளும் ஒரு இடமும் இருந்தன. எனக்கு இதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை.

*

பதினொன்றில் ஏழு வீட்டில் எர்த் போட்டோம். அப்பாவிடம் லைசென்ஸ் இல்லாததால், அனுபவச் சான்று கொடுத்த அந்த ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டு, “நீ கூட நில்லுடா, நீ பாத்து சரின்னு சொன்னாதான் மூடுவேன்” என்றார். அவர் மெக்கர் கொண்டுவந்து ஒவ்வொரு அறையாக இன்சுலேஷன் டெஸ்ட் செய்தார். மெயினில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே அடித்துவிடும் சுவிட்சைப் போட்டோம். சாமான் செலவை மூன்று வீட்டுக்காரர்கள் கொடுத்தார்கள். மிச்சத்தை நானும் அப்பாவும் போட்டோம். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அவரே, “அந்த மண்ணூர் வீடு பாக்கி இருக்குல்ல, அங்க பொண்ணுங்கதான இருக்குதுங்க, மொதல்ல அத முடிங்க” என்றார்.

மூன்று வீட்டுக்காரர்கள் உள்ளேயே விடவில்லை. ஒருவர், பழைய வேலைக்கு இப்போது பில் போட வந்திருக்கிறார் என்று தெருவில் நின்று சத்தம் போட்டார். அந்த மூன்று வீடுகளிலும் எர்த் இன்னும் இல்லை. ஒன்றில் மட்டும், குடியிருக்கும் பையன்களிடம் அப்பா தனியாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பதினொன்றாவது வீடு இடிக்கப்பட்டு அடுக்குமாடி ஆகிவிட்டது. காலி மனையில் நிற்கும் போர்டைப் பார்த்த மாதிரி அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவர் முகத்தில் நிம்மதி தெரிந்த மாதிரி இருந்தது. இருக்கக் கூடாதா என்ன.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியைத் திறந்தார்கள். பைக்கில் அந்தப் பக்கம் போகும்போது அப்பா வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, மாடி மாடியாக எண்ணிப் பார்த்தார். “இதுல எவனும் எர்த்த உட முடியாது. எத்தன பேரு செக் பண்ணிருப்பான்” என்றார். அந்தக் குரலில் பொறாமையும் இருந்தது.

ரிசல்ட் ஒரு புதன்கிழமை வந்தது. இணையதளத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு முன்னால், அவரோடு சேர்ந்து தேர்வு எழுதிய வாலாஜாபாத்காரர் போன் செய்துவிட்டார். அப்பா அப்போது ஏணி மேல் இருந்தார். “பாஸா? ரெண்டு பேருமா? செரி செரி, கீழ எறங்கிட்டுப் பேசறேன்” என்றது எனக்குக் கேட்டது. இறங்கி வந்து தண்ணீர் குடித்தார். மீண்டும் ஏறிவிட்டார்.

சான்றிதழ் கைக்கு வந்தபோது அம்மா படித்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது: “இன்னாங்க, உதவியாளர்னு போட்டிருக்கு? நீங்க மேஸ்திரி ஆச்சே?”

“இப்பதான சேந்திருக்கேன்” என்றார் அப்பா.

அந்த ஒரகடம் வேலை எப்போதோ முடிந்துவிட்டது. வேறு தொழிற்சாலைகளுக்கு இப்போது போகிறார். கேட்டில் காட்டுவதற்காக லேமினேட் செய்த நகல் ஒன்று சட்டைப் பையில், டெஸ்டரோடு இருக்கிறது.

போன மாதம் வல்லக்கோட்டை ரோட்டு வீட்டுக்கு ஒரு மோட்டார் வேலையாகப் போனோம். மூன்றாவது அறையில் பையன்கள் மாறிவிட்டார்கள். இவர்கள் அசாம். பிரிட்ஜ் அதேதான், கதவில் தாளும் அதேதான். ஓரம் கிழிந்து செலோடேப் போட்டிருந்தார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பையன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வந்து தண்ணீர் பாட்டில் எடுத்தான்.

அப்பா வெறுங்காலோடு போய், பிரிட்ஜின் தகரத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக் காட்டினார். “ஒண்ணும் இல்ல. பாரு. ஒண்ணும் இல்ல.” பையனுக்குத் தமிழ் புரியவில்லை. சிரித்தான். நான் தாளைப் பிய்க்கப் போனேன்.

“இருக்கட்டும் உடு” என்றார் அப்பா. “செருப்பு போட்டுக்கினா நல்லதுதான்.”